சாவி கொடுத்த பிறகு வரும் பில்

கோடை விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து விமானம் ஏறிய கூட்டம் ஊர் திரும்பிவிட்டது. பின்னாலேயே வாடகைக் கார் கம்பெனிகளின் பில்லும் வந்து இறங்கிவிட்டது. இந்த வாரத் தபாலில் பாதி அதுதான். பதில் சொல்ல மாமா தயார்.

*கேள்வி: மலேசியாவில் கார் எடுத்து ஓட்டி, நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தோம். ஊர் வந்து மூன்று வாரம் கழித்து 'பம்பரில் கீறல்' என்று 1,800 ரிங்கிட்டைக் கார்டிலிருந்து உருவிவிட்டார்கள். போனில் கத்தியும் பிரயோஜனமில்லை. (ஆர்மரி கேட், பொன்மலை)*

பதில்: கத்தல் காற்றோடு போகும், மின்னஞ்சல் நிற்கும். இன்றே எழுதுங்கள். கார் எடுத்தபோதும் விட்டபோதும் எடுத்த, தேதியுள்ள படங்களைக் கேளுங்கள். உங்கள் கையெழுத்துள்ள டேமேஜ் ஷீட்டைக் கேளுங்கள். பட்டறை கொடுத்த பில்லைக் கேளுங்கள். மதிப்பீடு என்று ஒரு தாளை நீட்டினால் ஏற்காதீர்கள்; வேலை பார்த்த பில் வேண்டும். ஒப்பந்தத்தின் எந்த ஷரத்துப்படி எடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கார்டு கொடுத்த வங்கியில் டிஸ்ப்யூட் பதிவு செய்யுங்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள்தான் கெடு. கார் கம்பெனி 'பரிசீலனையில் உள்ளது' என்று மாதக்கணக்கில் இழுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கெடு தாண்டட்டும் என்பதுதான்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லையா, சொன்ன பதில் திருப்தியில்லையா, ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அவர் விசாரிப்பது வங்கி ஒழுங்காக நடந்ததா என்பதைத்தான். கீறலை அல்ல.

*கேள்வி: ஓடிபியே வரவில்லை. எப்படி எடுத்தார்கள்? (ஜி கார்னர்)*

பதில்: ஓடிபி நம் ஊர்க் கட்டுப்பாடு. வெளிநாட்டு வியாபாரிகள் பலருக்கு அது தேவையே இல்லை. 'பிறகு தெரியவரும் தொகையையும் எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே அணைத்து வைக்கும் வசதியை 2020-இல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் கட்டாயமாக்கியது. ஊர் திரும்பியதும் அணையுங்கள். ஆனால் சுவிட்சை அணைத்தால் கார்டுதான் தூங்கும். உண்மையான பாக்கி இருந்தால் அது தூங்காது.

*கேள்வி: 'ஃபுல் இன்ஷூரன்ஸ் சார்' என்று கவுன்டரில் சொன்னான். இப்போது டயருக்கும் கண்ணாடிக்கும் தனியாகக் கேட்கிறான். (மேலச்சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்)*

பதில்: அங்கே விற்பது பெரும்பாலும் இன்ஷூரன்ஸே அல்ல. 'கார் சேதமானால் இன்ன தொகைக்கு மேல் உங்களிடம் கேட்கமாட்டோம்' என்கிற விட்டுக்கொடுப்பு, அவ்வளவுதான். அந்த 'இன்ன தொகை' வரைக்கும் உங்கள் பாக்கெட்தான். டயர், கண்ணாடி, கூரை, அடிப்பாகம், தொலைந்த சாவி இவையெல்லாம் பல ஒப்பந்தங்களில் கணக்கிலேயே சேராது. ஃபுல் என்பது அவர் வாயில் இருந்தது. விலக்குப் பட்டியல் உங்கள் கையெழுத்துக்கு மேலே இருந்தது.

*கேள்வி: டாங்கை நிரப்பிக் கொடுத்தும் பெட்ரோலுக்குக் காசு பிடித்துவிட்டார்கள். (கே.கே. நகர்)*

பதில்: திருப்பி விடும் இடத்துக்குப் பக்கத்து பங்கில், நேரம் அச்சான ரசீது. கூடவே முள்ளும் கிலோமீட்டரும் தெரிகிற மாதிரி டாஷ்போர்டு படம். இரண்டையும் அனுப்பினால் நியாயமான கம்பெனி திருப்பித் தரும். தராவிட்டால் அதே இரண்டையும் வங்கிக்கு அனுப்புங்கள்.

*கேள்வி: இத்தாலி போய் வந்து எட்டு மாதம். முதலில் கார் கம்பெனி 50 யூரோ எடுத்தது. இப்போது நகராட்சி அபராதம் கேட்கிறது. ஒரே தப்புக்கு இரண்டு தண்டனையா? (தில்லைநகர்)*

பதில்: தண்டனை ஒன்றுதான். முதலில் போனது, நீங்கள் யார் என்று நகராட்சிக்குச் சொன்னதற்குக் கம்பெனி வாங்கிய கூலி. இத்தாலியின் பழைய நகர மையங்களில் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா பிடித்துவிடும். வெளிநாட்டில் இருப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் அவகாசம் அங்கே சட்டத்திலேயே உண்டு. அபராதத்தைக் கட்டிவிடுங்கள். கூலி 50 யூரோ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் சண்டைக்கு இடமிருக்கிறது.

*கேள்வி: துபாயில் பார்க்கிங்கில் யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டான். சின்ன டொக்குதானே என்று விட்டுவிட்டேன். முழுச் செலவும் என் தலையில்! (அரியமங்கலம்)*

பதில்: அமீரகத்தில் போலீஸ் அறிக்கை இல்லாமல் பட்டறைக்காரர் சின்ன டொக்கைக்கூடத் தொடமாட்டார். அறிக்கை இல்லையென்றால் இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிடும். போலீஸுக்குப் போனால் நேரம் போகும் என்று நினைத்தீர்கள். போகாததால் திர்ஹாம் போயிற்று.

*கேள்வி: பெரிய கம்பெனியில் எடுத்தால் இந்த வம்பெல்லாம் வராதுதானே? (உறையூர்)*

பதில்: அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் சின்ன கம்பெனியா? முறையாக வாடகைக்கு எடுத்த காரைத் திருடியதாகத் தங்கள்மீது புகார் கொடுத்தார்கள் என்று வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களில் சிலர் கைதாகியும் இருந்தார்கள். 2022 டிசம்பரில் 364 கோரிக்கைகளை முடிக்கச் சுமார் 16 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்க அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

2025-இல் இன்னொன்று. அட்லாண்டா விமான நிலையத்தில் அதே கம்பெனி கார்களை ஸ்கேன் செய்ய இயந்திரம் வைத்தது. ஒருவருக்குச் சக்கரத்தில் ஓர் அங்குலச் சிராய்ப்பு. பில் 440 டாலர். பழுது பார்க்க 250, மீதி 190 அதைக் கண்டுபிடித்து எழுதிய வகையில். சிராய்ப்பைவிட எழுத்துக்கூலிதான் ஆழம்.

*கேள்வி: வெளிநாட்டுக் கம்பெனிமேல் வழக்கென்றால் அந்த நாட்டுக்கே போக வேண்டும் என்கிறார் என் மச்சான். (சுப்பிரமணியபுரம்)*

பதில்: மச்சானிடம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் கொடுங்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது 34-ஆம் பிரிவு. முதலில் கேட்ட பொன்மலைக்காரருக்குத் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். நீங்கள் கொடுத்த வாடகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்து பாருங்கள். சில கம்பெனிகள் அதிலேயே வழிக்கு வந்துவிடும்.

மச்சான் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. இங்கே அலுவலகமோ சொத்தோ இல்லாத கம்பெனிமேல் தீர்ப்பு வாங்கலாம், வசூல் செய்வது கஷ்டம். அதனால் கார் யார் மூலமாகப் பதிவானது என்று பாருங்கள். கன்டோன்மென்ட் டிராவல்ஸா? அவர் கையெட்டும் தூரத்தில் இருக்கிறார். இணையதளமா? வெளிநாட்டுத் தளமே ஆனாலும், இந்தியர்களுக்குத் தொடர்ந்து விற்கிறது என்றால் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அதற்கும் பொருந்தும். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்பார்கள். பணம் வாங்கும்போது அப்படிச் சொன்னார்களா என்று கேளுங்கள்.

*கேள்வி: அங்கேயே புகார் கொடுத்திருக்க முடியுமா? (பாலக்கரை)*

பதில்: மலேசியாவில் நுகர்வோர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கும், கட்டணம் ஐந்தே ரிங்கிட். சிங்கப்பூரின் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம் 20,000 வெள்ளி வரை. விசாரணைக்கு நிற்க வேண்டும் என்பதால், சண்டை அங்கேயே தெரிந்துவிட்டால் விமானம் ஏறும் முன் போவதுதான் லாபம்.

*கேள்வி: திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் வந்துவிட்டது. அங்கே நானே கார் ஓட்டலாமா? (சங்கிலியாண்டபுரம்)*

பதில்: 2025 மார்ச்சில் வந்தது நல்ல செய்தி. ஓட்டலாம், ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி, ஒரு வருடத்துக்கு வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி மட்டும் அங்கே போதாது. சிலோன் ஆட்டோமொபைல் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும், அல்லது அந்நாட்டு மோட்டார் போக்குவரத்துத் துறையின் தற்காலிக அனுமதி வேண்டும். இல்லாமல் ஓட்டி இடித்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி.

தகராறு வந்தால் அங்கே நுகர்வோர் அதிகார சபை இருக்கிறது, எண் 1977. தமிழ் அங்கே அரச கரும மொழி. புகாரை நம் மொழியிலேயே, குறை வைக்காமல் எழுதலாம்.

*கேள்வி: ஒரே ஒரு ஸ்டார் போட்டு, நாலு பேர் பார்க்கத் திட்டி எழுதிவிடட்டுமா? (காட்டூர்)*

பதில்: வயிற்றெரிச்சல் தீரும், பணம் வராது. முதலில் பணம், பிறகு ஸ்டார்.

*கேள்வி: ரங்கநாதரிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். (அம்மா மண்டபம் சாலை, ஸ்ரீரங்கம்)*

பதில்: வேண்டிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள்.

*கேள்வி: பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் அடுத்த மாதம் தாய்லாந்தில் கார் எடுக்கப் போகிறான். என்ன சொல்லி அனுப்ப? (வடக்கு டி, பொன்மலை)*

பதில்: உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்? பழுது பார்க்க ஒரு ரயில் பெட்டி உள்ளே வந்தால், ஸ்பேனரைத் தொடும் முன் என்னென்ன குறை என்று பார்த்து எழுதிவிட்டுத்தானே வேலை தொடங்குவீர்கள். மகனும் அதையே செய்யட்டும். சாவியை வாங்கியதும் காரைச் சுற்றி ஒரே வீடியோ: நாலு சக்கரம், பம்பரின் கீழ்விளிம்பு, கூரை, கண்ணாடி, ஸ்டெப்னி. மழையிலும் இருட்டிலும் காரை வாங்க வேண்டாம். வேறு வழியில்லை என்றால் விளக்கடியில் நிறுத்திப் பார்க்கட்டும். ஏற்கெனவே இருக்கிற கீறல் தாளில் ஏறாமல் வண்டி நகரக் கூடாது. கவுன்டர்காரர் 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது' என்பார். ஒன்றும் ஆகாது என்றால் எழுதிக் கொடுப்பதில் அவருக்கென்ன நஷ்டம்?

திருப்பி விடும்போதும் அதே வீடியோ, கூடவே ஆளிடம் கையெழுத்து. ஆளில்லாமல் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓட வேண்டாம். அடுத்த நாள் காலைவரை அந்தக் கார் யாருடைய பொறுப்பு என்பதில்தான் பாதிச் சண்டையும் பிறக்கிறது.

*கேள்வி: மாமா, உண்மையைச் சொல்கிறேன். கதவை இடித்தது நான்தான். சும்மா மறுத்துப் பார்க்கலாமா? (பெயர் வேண்டாம், பொன்மலை)*

பதில்: கூடாது. செய்ததற்குக் காசு கொடுங்கள். நீங்கள் ஒரு பொய் சொன்னால், நாளை உண்மை சொல்லிக்கொண்டு போகிறவர் பேச்சும் எடுபடாது. ஆனால் பட்டறை பில்லைக் கேட்காமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். நீங்கள் இடித்தது ஒரு கதவு. பில்லில் எத்தனை கதவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.