எஞ்சின் நின்ற இடங்கள்

ஓடும் காரில் எஞ்சின் திடீரென்று நின்றுபோவது அன்றும் இன்றும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. எண்ணெய் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் இழுவை இருக்காது. சத்தம் அடங்கி, டயர் உருளும் ஓசை மட்டும் கேட்கும். வண்டிக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்ப்பார்கள். இதுவரைக்கும் மாற்றமில்லை. அதற்குப் பிறகு யார் வருவார், யார் கையில் என்ன இருக்கும், வண்டி நின்றதால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதெல்லாம் மலேசியாவின் பேரா மாநிலத்தில் நாற்பது ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டன.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். என் சிறுவயதில் தோட்டத்தில் கார் என்றால் துரையின் கார், பெரிய கிராணியின் கார், அப்புறம் என் அப்பாவின் கார். அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். இரண்டு மூன்று கை மாறி வந்த பழைய ஜப்பான் கார் ஒன்றை எழுபதுகளின் கடைசியில் கடன் போட்டு வாங்கினார். பெயருக்குத்தான் அது எங்கள் கார். பிரசவ வலி எடுத்தால் அது ஆஸ்பத்திரி வண்டி. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை கார். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போக, நான்கு பேர் உட்கார வேண்டிய இடத்தில் எட்டுப் பேர் ஏறுவார்கள்.

காருக்கும் எங்கள் மக்களுக்கும் உள்ள கணக்கு அதைவிடப் பழையது. கோலாகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி போட்டுப் பாதுகாக்கிறார்களே ஒரு ரப்பர் மரம், அது 1877இல் நட்ட கன்றுகளில் எஞ்சியது. அப்போது பேராவின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்தவர் ஹியூ லோ. முப்பத்தோரு ஆண்டு கழித்து, 1908இல், ஃபோர்டின் ‘டி’ மாடல் கார் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. டயருக்கு ரப்பர் வேண்டும். 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏற, மலாயாவில் காடு காடாக வெட்டித் தோட்டம் போட்டார்கள். அந்த மரங்களில் பால் வெட்டத்தான் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் இறக்கினார்கள். இருட்டோடு ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு நின்று, கொசுக்கடியில் பால் வெட்டிய என் பாட்டி, தன் பாலில் செய்த டயர் மேல் ஏறி உட்கார்ந்தது அப்பா கார் வாங்கிய பிறகுதான். அவருக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தக் கார் நின்ற இடங்கள் பல. நன்றாக நினைவிருப்பது ஒரு தைப்பூசத்துக்கு முந்திய நாள். தை மாத வெயில். விரைவுச்சாலை இல்லாத காலம். பழைய பெரிய சாலைதான். சிம்மோரைத் தாண்டுவதற்குள் கார் இரண்டு முறை குலுங்கியது, மூன்றாவது குலுங்கலில் நின்றது. பாட்டி, அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, அவர் மடியில் பால்குடத்துக்கான செம்பு. ஆண்கள் இறங்கித் தள்ளினோம். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டுப் பார்த்தார் அப்பா. ஒரு உறுமல், அவ்வளவுதான்.

எங்கள் பின்னாலேயே வந்த தோட்டத்து லோரி நின்றது. அதில் கல்லுமலைக்கு வந்துகொண்டிருந்தவர்களில் தோட்டத்து ஃபிட்டர் மாமாவும் ஒருவர். ரப்பர் ஷீட் மெஷினுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் அவர்தான் வைத்தியர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் விரலால் தெறித்துவிட்டு, உள்ளே இருந்த பாயிண்டை நகத்தால் நெம்பிக் காட்டினார். இரண்டு பொட்டு முனைகளும் கருநீலமாகக் கருகியிருந்தன. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து, நடுவே விட்டு மெல்லத் தேய்த்தார். பிறகு சிகரெட் பெட்டி அட்டையில் ஒரு துண்டு கிழித்து இடைவெளியில் வைத்துப் பார்த்து, ஸ்குரூவை முடுக்கினார். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பதைப் பின்னாளில் புத்தகத்தில் படித்தேன். அவருக்கு அது அட்டையின் கனமாகத் தெரிந்திருந்தது.

“பாயிண்டு கருகுனது வெறும் அடையாளம்தான் சார். நோவு கண்டென்சர்ல இருக்கு. சூடு ஏறுனா செத்துரும், ஆறுனா பொழச்சிக்கும்” என்றார் அப்பாவிடம்.

கண்டென்சர் என்பது சுண்டுவிரல் அளவு உலோகக் குப்பி. பாயிண்ட் திறக்கும்போது எழும் தீப்பொறியை வாங்கிக்கொள்ளும் வேலை அதற்கு. அது பழுதானால் பொறி பாயிண்டிலேயே வெடித்துக் கருக்கும், பிளக்குக்குப் போய்ச் சேராது. வண்டியை அருகிலிருந்த புதுக்கிராமத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். மலாயா அவசரகாலத்தில், 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் சீனர்களைக் கொண்டுவந்து குடிவைத்த எத்தனையோ கிராமங்களில் அதுவும் ஒன்று. அங்கே தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் மணல் இறைக்கும் பம்புகளின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கை, அந்தப் பட்டறைக்காரருடையது. ஃபிட்டர் மாமா மலாயில் இரண்டு வார்த்தை சொன்னார். பட்டறைத் தவுக்கே எழுந்து போய், ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்த வேறொரு பழைய காரின் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ஒரு கண்டென்சரைக் கழற்றி வந்தார். வேறு கம்பெனிச் சாமான்தான், ஆனால் உட்கார்ந்துகொண்டது. எஞ்சின் பிடித்தது. காசு வேண்டாம் என்றவரிடம் அம்மா தைப்பூசத்துக்கு வைத்திருந்த முறுக்கில் ஒரு டின் கொடுத்தார்.

இப்படிச் சொல்லும்போது அந்தக் காலம் பொற்காலம் போலத் தோன்றலாம். பொற்காலம் இல்லை. அந்தக் கார் மழையில் நின்றது, வெயிலில் நின்றது, பிரசவ வலியோடு ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போதும் நின்றது. இன்றைய கார்கள் அதைவிடப் பல மடங்கு நம்பகமானவை. சாலையோரத்தில் பானெட்டைத் திறந்து வைத்து நிற்கும் கார்கள் குறைந்துபோனது நல்ல காரியம். என் மனக்குறை எஞ்சினைப் பற்றியது இல்லை.

அந்தக் குறை தொடங்குவது 1985இல். எங்கள் பக்கத்தில் அது பெரிய ஆண்டு. ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. கடனுக்குக் கார் வாங்கலாம் என்ற எண்ணம் தோட்டத்து வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து, கிந்தாவில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ரப்பருக்கும் போதாத காலம். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். ஊருக்கு அருகில் இருந்த தோட்டங்களைத் துண்டுபோட்டு வீட்டுமனை ஆக்கினார்கள். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. தோட்டம் கைமாறினால் வேலை, வீடு இரண்டும் ஒரே நாளில் போய்விடும். இப்படி நடப்பதைத் தடுக்கத்தான், எங்கள் சுங்கை சிப்புட்டின் பிள்ளையான துன் சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கவைத்தார். அந்தக் குடைக்குள் வந்தவர்கள் கொஞ்சம் பேர். வராதவர்கள் ஏராளம். என் பள்ளித்தோழர்களின் வீடுகள் இருந்த லயத்தில் இன்று செம்பனை குலை தள்ளுகிறது. அவர்களில் பலர் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளிலும் மலிவு விலை அடுக்ககங்களிலும் இருக்கிறார்கள், வேலை வெகு தொலைவில்.

தோட்டத்தில் வேலைக்கு நடந்து போனோம். கடை, கோயில், பள்ளிக்கூடம், மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் எல்லாம் நடக்கும் தூரம். வெளியே வந்த பிறகு எதற்கும் சக்கரம் வேண்டும். தோட்டத்தில் கார் நின்றால் ஒரு பயணம் நின்றது. இன்று ஒரு குடும்பத்தின் ஒரே கார் நின்றால், அப்பாவின் ஷிப்ட் நிற்கும், அம்மாவின் டயாலிசிஸ் தள்ளிப்போகும், பிள்ளை டியூஷனுக்குப் போகாது.

வடக்கு-தெற்கு விரைவுச்சாலை 1994 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஈப்போவிலிருந்து வடக்கே போகிறவர்களுக்கு ஜெலாப்பாங்குக்கு அப்பால் மெனோரா சுரங்கப்பாதை வரைக்கும் உள்ள ஏற்றம் தெரியும். பாரலோரிகள் இடப்பக்கம் முனகிக்கொண்டு ஏறும். கார்கள் வலப்பக்கம் பறக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முன்னிரவில், அந்த ஏற்றத்தில் எங்கள் குடும்பக் கார் நின்றது. குலுங்கவில்லை, இருமவில்லை. கார் இன்னும் உருண்டுகொண்டிருக்க, எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது. ஸ்டியரிங் இறுகியது.

இதைப் படிக்கிறவர்களில் கார் ஓட்டுகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் நின்றாலும் பிரேக் உடனே செத்துப்போவதில்லை. பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத் தாங்கும். அதற்குமேல் மிதி கல்லாகும். ஆகவே விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. ஒரே அழுத்தாக, உறுதியாக மிதித்து, அவசரப் பாதைக்கு ஒதுங்க வேண்டும். சாவியைப் பூட்டு நிலைக்குத் திருப்பவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நின்றதும் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, எல்லோரும் இடப்பக்கமாக இறங்கி இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்து உதவிக்குக் காத்திருந்து பின்னால் வந்த லோரியிடம் உயிரை விட்டவர்கள் செய்தியை நம் பத்திரிகைகளில் எத்தனை முறை படித்துவிட்டோம்!

தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்மேட்டில் நின்றோம். நூற்றுக்கணக்கான வண்டிகள் எங்களைக் கடந்தன. ஒன்றும் நிற்கவில்லை. நிற்கவும் கூடாது, அந்த வேகத்தில் நிற்பது அவர்களுக்கு ஆபத்து. கைப்பேசியில் அழைத்தோம், விரைவுச்சாலை ரோந்து வண்டி வந்து கூம்புகளை வைத்தது, பிறகு இழுவை லோரி. எல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஆனால் அந்த இரவில் எங்களிடம் வந்தவர்கள் எல்லாரும் அதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள். வழிப்போக்கர் என்று ஒருவரும் இல்லை.

மறுநாள் கார் இருந்தது ஈப்போ புந்தோங்கில் ஒரு பட்டறையில். ஃபோர்மன் தமிழர், தோட்டத்துப் பிள்ளை. பதினாறு வயதில் சீனர் பட்டறையில் நட்டு கழுவத் தொடங்கியவர். ஸ்கேனரைப் பொருத்தினார். பி 0335 என்று பழுது எண் வந்தது. கிராங்க் ஷாஃப்ட் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சரில் பழுது. அது வாயை மூடிக்கொண்டால் எப்போது பொறி போடுவது, எப்போது பெட்ரோல் தெளிப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, இரண்டையும் நிறுத்திவிடும்.

“காலையில ஸ்டார்ட் பண்ணேன், பிடிச்சிச்சே?” என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் சென்சரைக் கழற்றினார். கட்டைவிரல் அளவு. அதன் இரண்டு முனையிலும் மீட்டரின் கம்பிகளைச் செருகினார். ஒரு எண் நிலையாக நின்றது. மேசை இழுப்பறையிலிருந்து தலைமுடி காயவைக்கும் கருவியை எடுத்துச் சென்சரின் மேல் சூட்டைப் பாய்ச்சினார். மீட்டரில் எண் தடுமாறி, சட்டென்று அறுந்தது. உள்ளே சுற்றியிருக்கும் மயிரிழைக் கம்பி சூட்டில் விரிந்து தொடர்பு விடுகிறது. கருவியை அணைத்துவிட்டுப் பொறுமையாக நின்றார். எண் திரும்பி வந்தது.

சூடு ஏறினால் செத்துவிடும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும். ஃபிட்டர் மாமா சிம்மோரில் சொன்ன அதே நோவு, வேறு உறுப்பில். ஸ்கேனர் எண்ணைத்தான் காட்டியது. நோவைக் கண்டுபிடித்தது அந்தக் கை. நம் பிள்ளைகளின் கைவேலை ஞானம் போய்விட்டது என்று மேடைகளில் புலம்புகிறவர்களை அந்தப் பட்டறைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றியது. போகவில்லை அது. பட்டறை ஓரத்தில் இரும்பும் எண்ணெயுமாக, சான்றிதழ் இல்லாமல், அடுத்த தலைமுறைக்குச் சம்பளத்தோடு கற்றுத்தர வசதியில்லாமல் இருக்கிறது. 1969 முதல் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கே போக மதிப்பெண் வேண்டும். தோட்டம் உடைந்த ஆண்டுகளில் பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இவருக்கும் திறக்கவில்லை.

நான் காத்திருந்த நேரத்தில் இன்னொருவர் வந்தார். பாதுகாவலர் சீருடை. அவர் காருக்கும் சென்சர்தான், வேறொன்று. ஒரிஜினல் விலையைக் கேட்டதும் முகம் வாடியது. மலிவுச் சாமான் போட்டால் மறுபடி நிற்கும் என்று ஃபோர்மன் எடுத்துச் சொன்னார். கடைசியில் ஒரிஜினலையே போட்டுவிட்டு, மாதம் ஐம்பது வெள்ளியாகக் கொடுங்கள் என்றார். இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவருக்கு, பட்டறையில் அதற்கென்றே வைத்திருக்கும் பழைய ஹோண்டா கப்சாய் மோட்டார் சைக்கிளின் சாவியையும் எடுத்துக் கொடுத்தார்.

“இப்படி எத்தனை பேருக்குத்தான் குடுப்பீங்க தம்பி?” என்று கேட்டேன்.

“அவர் இருக்கிற தாமான்ல இருந்து ராத்திரி ஷிப்டுக்குப் பஸ் கெடையாதுங்கண்ணே. வேலைக்கு ஒரு நாள் போகலன்னா அந்தச் சம்பளத்தப் புடிச்சிருவாங்க. பஸ் ஒண்ணு ஓடுனா எனக்கு ஏவாரம் கொஞ்சம் கொறையும். பரவாயில்ல, ஓடட்டும். யார்கிட்ட எழுதணுமோ எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன்.”