வடிகட்டியில் சிக்காதவர்கள்

நம் ஐடி நிறுவனங்களின் ஒழுக்க உணர்ச்சியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். சோழிங்கநல்லூர் சிக்னலில் வெந்து, ஐடி கார்டைத் தேய்த்து உள்ளே நுழைகிற ஊழியர் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடக் கூடாதே என்று அவர்கள் படுகிற கவலை பெற்ற தாய்க்குக்கூட இருக்காது. யூடியூப் கிடையாது. ஜிமெயில் கிடையாது. கிரிக்கெட் ஸ்கோரைத் தட்டினால் திரையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு: "நிறுவனக் கொள்கைப்படி இத்தளம் தடை செய்யப்பட்டுள்ளது. உங்கள் முயற்சி பதிவு செய்யப்பட்டது." முதல் வாக்கியம் பூட்டு. இரண்டாவது வாக்கியம் மிரட்டல்.

எது நல்ல தளம், எது கெட்ட தளம் என்று முடிவு செய்வது யார்? நிறுவனம்கூட இல்லை. எங்கோ இருக்கிற ஒரு மென்பொருள் கம்பெனி உலகத்துத் தளங்களையெல்லாம் சூதாட்டம், ஆபாசம், விளையாட்டு, வேலை தேடல் என்று வகை பிரித்து விற்கிறது. நம்மவர்கள் வேண்டாத வகைகளுக்கு எதிரே டிக் அடிக்கிறார்கள். இந்த வடிகட்டி இயந்திரங்களின் புத்திக்கூர்மை ஊரறிந்தது. 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரவாசிகள் ஏஓஎல் இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் திண்டாடினார்கள். ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வரிசையாக அமைந்துவிட்டதுதான் அவர்கள் செய்த குற்றம்.

சொல்லை மட்டும் பார்க்கிற வடிகட்டி இன்றும் அதே லட்சணம்தான். மார்பில் கட்டி தட்டுப்படுகிறதே என்ற பயத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் தேடிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டி அவரை ஆபாசக் கணக்கில் எழுதிவிடும். தடையை நீக்க ஐடி பிரிவுக்கு டிக்கெட், அதாவது கோரிக்கை, போட வேண்டும். அதில் "வணிகக் காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். காலியாக விட்டால் டிக்கெட் நகராது. பூர்த்தி செய்தால் மேனேஜரின் ஒப்புதலுக்குப் போகும். தன் உடம்பில் வந்த கட்டிக்கு அவர் என்ன வணிகக் காரணம் எழுதுவார், ஐயா?

வேலை தேடும் தளங்களுக்கும் தடை. அதே தளங்களில் ஆள் பிடிக்கிற எச்ஆருக்கு மட்டும் கதவு விரியத் திறந்திருக்கும். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர் வேறு வேலை தேடினால் துரோகம். அவரை ஒரு மாலை "சின்ன டிஸ்கஷன்" என்று அழைத்து, ராஜினாமாவில் கையெழுத்து வாங்கி, லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினால் அது மறுசீரமைப்பு. தடையில்லாத இணையம் அவருக்கு அன்றிரவுதான் கிடைக்கும்.

அடைப்பதோடு விட்டார்களா? உலாவியில் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு தெரியும். நமக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே யாரும் படிக்க முடியாது என்று அதற்கு அர்த்தம். அலுவலக லேப்டாப்பில் அந்த அர்த்தத்தை நம்பாதீர்கள். நிறுவனம் தன் சொந்தச் சான்றிதழை அதில் முன்கூட்டியே பதித்திருந்தால், நடுவில் உட்கார்ந்திருக்கிற கருவி உங்கள் உறையைப் பிரித்து, படித்து, மறுபடி ஒட்டி அனுப்பும். பூட்டுச் சின்னம் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். பொறுப்பான நிர்வாகம் வங்கி, மருத்துவத் தளங்களை விலக்கி வைக்கும். உங்கள் அலுவலகம் வைத்திருக்கிறதா? கேட்டுத்தான் பாருங்களேன்.

வைரஸும் ஃபிஷிங்கும் நிஜமான ஆபத்துகள். அவற்றைத் தடுக்காதே என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் காவல் ஏன் மேலிடம் வரை போவதில்லை? பணப் பரிமாற்றத்துக்குக் கையெழுத்திடுகிற பெரிய தலைகளைத்தான் மோசடிக்காரர்கள் வலைவீசித் தேடுகிறார்கள். அந்தப் பெரிய தலைகளுக்கோ "விஐபி குரூப்" என்று தனி விதிவிலக்கு! கஜானா அறை திறந்து கிடக்க, வாசலில் சாப்பாட்டு டப்பாவைச் சோதிக்கிற பாதுகாப்பு இது.

சட்டம் காப்பாற்றும் என்கிறீர்களா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அடுத்த மாதமே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ருமேனியா வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. யாஹூ மெசஞ்சரில் தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணோடும் சகோதரரோடும் பேசியதை நிறுவனம் படித்து, வேலையை விட்டு நீக்கிய ஊழியரின் பக்கம் நின்றது. கண்காணிப்பின் தன்மையையும் அளவையும் முன்னதாகவே தெரிவித்தார்களா என்று கேட்டது. நம் நாடாளுமன்றம் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அதன் 7-ஆம் பிரிவு, "வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காக" என்றால் ஊழியரின் சம்மதமே வேண்டாம் என்று முதலாளிக்கு ஒரு வாசலைத் திறந்து விட்டது. எது அந்த நோக்கம்? முதலாளி சொல்வதுதான்.

எல்லாம் நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் என்கிறார்கள். அப்படியானால், ஒரு மின்னஞ்சலில் முடிகிற விஷயத்துக்கு இருபது பேரை உட்கார வைக்கிற மீட்டிங்கை வடிகட்டுங்கள். இரவு பதினொரு மணிக்குச் சொந்த போனில், சொந்தக் காசு டேட்டாவில் வந்து விழுகிற கிளையன்ட் காலை வடிகட்டுங்கள். மாட்டார்கள். அலுவலக நேரத்தில் சொந்த வேலை பார்த்தால் திருட்டு. சொந்த நேரத்தில் அலுவலக வேலை பார்த்தால் அதற்குப் பெயர் "ஓனர்ஷிப்".

எதையெல்லாம் அடைத்திருக்கிறீர்கள், பதிவை யார் படிக்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதி ஒட்டுங்கள். எம்டியின் லேப்டாப்புக்கும் அதே வடிகட்டியைப் போடுங்கள். முடியாதா? சரி, ஊழியர்களைத் திருடர்களாகவே நடத்திக்கொள்ளுங்கள். ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று கூசாமல் சொல்வதையாவது நிறுத்தித் தொலையுங்கள்.