தெல்லிப்பழைப் புகையிரதச் சீட்டு: ஒரு பிரமாண விசாரணை

ஆராய்ச்சி என்பது பொருளின் பெருமையினாலன்றி அடிக்குறிப்பின் நீளத்தினாலேயே சிறப்பெய்தும் என்பதை நம் சர்வகலாசாலைகள் நெடுங்காலமாக மெய்ப்பித்து வருகின்றனவாதலின், யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை என்னும் ஊரைச் சார்ந்த பழைய தபாலட்டைகள், கோச்சி ரிக்கற்றுகள், பஸ் ரிக்கற்றுகள் முதலாய காகிதாதி வஸ்துக்களைச் சேகரித்து லாச்சியிலும் ரங்குப்பெட்டியிலும் வைத்துப் பூட்டுவோர்க்கு இதுகாறும் ஒரு சாஸ்திரம் இல்லாதிருந்த குறையை நீக்கும்பொருட்டு இவ்வியாசம் எழுதப்படுகின்றது. இத்துறையிலே எமக்கு முன் எவரும் எழுதியிலராதலின், முன்னோர் அனைவரும் தவறினர் என்று நிறுவும் வழக்கமான முதல் அதிகாரத்தை வாசகர்க்கு மிச்சம் பிடித்துத் தந்திருக்கின்றோம்.

மேற்படி வஸ்துக்கள் எத்தனை வகைப்படும் என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. அபிப்பிராயம் கொண்டவர் யாம் ஒருவரேயாயினும் பேதம் உண்டு. (ஆதாரம்: எமது குறிப்புக் கொப்பி, முதற் பக்கம். மறுப்பு: அதே கொப்பி, கடைசிப் பக்கம்.)

தெல்லிப்பழைக் காட்சியைத் தாங்கிய பழைய படத் தபாலட்டைகள்: யாம் கண்டதில்லை.

ஆயினும் காணாமை இன்மைக்குப் பிரமாணமாகாது. 1890இல் கொழும்பிலே தொடங்கிய பிளாற்றே கம்பனியாரும் அவர் போன்ற பிறரும் இலங்கை முழுவதையும் அட்டையில் அடக்கி விற்றபோது, யாழ்ப்பாணத்தின் பங்குக்குக் கோட்டை வந்தது, கோயில் வந்தது, பனை வந்தது, துலா வந்தது. எந்த ஊர்ப் பனை, எவர் வீட்டுத் துலா என்பது மட்டும் வரவில்லை. எம்மிடம் உள்ள ஓர் அட்டையில், ஒருவர் துலா மிதிக்க, மற்றொருவர் கிணற்றடியில் நின்று பட்டை பிடித்து இறைக்கின்றார். வெளியிட்டோர் பெயரில்லை, ஊர்ப்பெயரும் இல்லை. இது தெல்லிப்பழையே என்பது எம் சித்தாந்தம். அக்காலத்து அட்டைகள் பல ஜெர்மனியிலே அச்சிடப்பட்டன. இதற்கு வர்ணம் தீட்டியவரும் யாழ்ப்பாணத்தைக் கண்ணாற் காணாதவராகவே இருத்தல் வேண்டும். காணாதவர் தீட்டுவது உண்மைக்கு மாறாகவே அமையும். அவர் தோட்டத்து மண்ணுக்குப் பச்சை தீட்டியுள்ளார். பச்சைக்கு மாறு சிவப்பு. தெல்லிப்பழை அடங்கிய வலிகாமத்து மண்ணோ செம்மண். எனவே இது தெல்லிப்பழை. இதே நியாயத்தினால் அது சுன்னாகமும் ஆகலாமே என்பாரும் உளர். அவர்களுக்கு மறுமொழி கூறுதல் எம் தகுதிக்கு ஏற்றதன்று.

எழுத்துத் தபாலட்டைகளை விரைவாகவே கடந்து செல்லலாம். 1869இல் ஆஸ்திரிய ஹங்கேரியிலே பிறந்த தபாலட்டையின் பிற்புறத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் விலாசமும் மறுபாதியில் செய்தியும் எழுதலாமென்று பிரித்தானியத் தபாற் பகுதியார் அநுமதித்தது 1902இல். அதற்கு முன், படத் தபாலட்டை அனுப்பியவர் தம் குடும்ப விருத்தாந்தத்தைப் படத்தின் மேலேயே, ஆகாயத்திலும் கோபுரத்திலும் எழுத நேர்ந்தது. மலாயாவிலிருந்து வந்த அட்டைகள் தனிச் சாதி. யாழ்ப்பாணத்தவர் அங்கே புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகவும் ஸ்ரேசன் மாஸ்ரராகவும் பெருந்தொகையினராய் இருந்தமையால், தம் வீட்டுக்கு எழுதும்போதும் சிலர் வண்டிப் புறப்பாட்டு அறிவித்தல் போன்ற நடையிலேயே எழுதினர். பஸ் ரிக்கற்றுப் பற்றிச் சொல்லத் தக்கது ஒன்றே. 1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபின் அந்த மெல்லிய தாள் அரசாங்கச் சொத்தின் கௌரவத்தை அடைந்ததாயினும், பிரயாணிகள் அதனை நீளவாக்கில் மடித்துக் கைக்கடிகாரப் பட்டிக்குள் செருகியும், சுருட்டிக் காது குடைந்தும், பல் குத்தியும் தீர்த்துவிட்டமையால், சேகரிப்போர்க்கு எஞ்சியது சொற்பம்.

இனி இவ்வியாசத்தின் உயிர்நிலையாகிய புகையிரதச் சீட்டுக்கு வருவோம்.

காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902 மார்ச்சு மாதம் 11ஆம் திகதி முதன்முதலாகக் கோச்சி ஓடிற்று. கொழும்போடு தொடர்பு பூரணமானது 1905 ஆகஸ்டு 1ஆம் திகதி. இடைப்பட்ட மூன்றாண்டின் முற்பகுதியில், மாவிட்டபுரத்துக்கும் மல்லாகத்துக்கும் நடுவிலுள்ள தெல்லிப்பழையில் வண்டியேறியவர் கடலுக்குப் போகலாம், அல்லது சாவகச்சேரிக்குப் போய்த் திரும்பி வரலாம். இரும்புப் பாதையினால் உலகம் சுருங்கியது என்று எழுதுவோர் இதனைக் கவனித்தல் நன்று.

சீட்டின் வடிவமோ இங்கிலாந்தில் மரத்தளபாடம் செய்பவராயிருந்து பின்பு ஸ்ரேசன் மாஸ்ரரான தோமஸ் எட்மன்சன் என்பார் 1830களின் பிற்பகுதியில் வகுத்தது. இரண்டேகால் அங்குல நீளமும் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட தடித்த அட்டை. அதிலே வரிசை இலக்கம். விற்கும்போது 'டக்' என்ற ஓசையுடன் நாளைப் பொறிக்கும் இரும்பு யந்திரம். இவ்வியந்திரத்தின் சரித்திர முக்கியத்துவத்தை எம்மவர் உணர்ந்திலர். நல்லூரிலிருந்து யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட நாணயங்களில் 'சேது' என்ற எழுத்து உண்டு, நந்தி உண்டு, ஆண்டு இல்லை. அதன் பயனாகவே அவ்வரசர் சரித்திரம் பற்றி இராசநாயக முதலியார் 1926இல் ஒன்று எழுத, ஞானப்பிரகாச சுவாமிகள் 1928இல் அதனை மறுத்தெழுத, அவ்விருவர்க்கும் பின்வந்தோர் இன்றுவரை உத்தியோக உயர்வு பெற்று வருகின்றனர். இளமையிற் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்த சுவாமிகளுக்கேனும் இது தோன்றியிருக்கலாம்: நல்லூர் அரசன் ஒருவன் ஒரேயொரு ரிக்கற்றை அடித்திருந்தாலும் பாதி நூல்கள் எழுத வேண்டியிரா.

நிற்க. சீட்டைச் சேகரிப்போர் எவரும் இதுவரை எழுப்பாத வினா ஒன்று உண்டு. சீட்டு எவ்வாறு எஞ்சிற்று? விதிப்படி, பிரயாணம் முடிந்ததும் படலையில் நிற்கும் உத்தியோகத்தர் அதனை வாங்கிக்கொள்வார். வாங்கிய சீட்டு பிரயாணியின் கைக்கு மீளாது. ஆகவே தெல்லிப்பழையிலே முடிவுறும் சீட்டு ஒருவருடைய லாச்சியிற் கிடக்குமாயின், அது ஒரு குற்றத்துக்கோ, நிறைவேறாத பிரயாணத்துக்கோ சாட்சி. தம் சேகரிப்பைப் பெருமையோடு விரித்துக் காட்டுவோர், தம் பாட்டனார் மீதுள்ள வழக்கைத் தாமே தாக்கல் செய்கின்றனர் என்பதை அறியார்.

இங்கே மூன்று மதங்கள் தோன்றுகின்றன. முதலாவது ஏறாதார் மதம்: சீட்டெடுத்தவர் வண்டியைத் தவறவிட்டார். இது சோம்பேறிகளின் கொள்கை; விட்டுவிடலாம். இரண்டாவது வேலி பாய்ந்தார் மதம். வண்டி நின்றதும் மறுபுறமாக இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து, கிளுவங் கதியால் வேலியிலுள்ள பொட்டினூடாகக் குனிந்து புகுந்தால் வீடு கிட்டத்தான். படலைக்குச் சுற்றிப் போவானேன்? சீட்டு வைத்திருந்தும் களவாகப் போவது யாழ்ப்பாணத்தாரின் நேர்மைக்கும் நேரச் சிக்கனத்துக்கும் ஒருங்கே எடுத்துக்காட்டு. (விரிவுக்குப் பார்க்க: இன்னும் எழுதப்படாத எமது "பொட்டுச் சங்கிரகம்", இரண்டாம் பாகம், உபோற்காதத்தின் அநுபந்தம், அடிக்குறிப்பு 41. அக்குறிப்பு முதற் பாகத்தைப் பார்க்கச் சொல்லும். முதற் பாகம் செல்லரித்தது. செல் தின்ற பகுதியே எம் கட்சிக்கு வலிமையானது.)

மூன்றாவது கண்ணயர்ந்தார் மதம்: படலையில் நின்ற உத்தியோகத்தர் உறங்கிவிட்டார். இதற்குரிய மூல ஆதாரம், சுன்னாகச் சந்தையிலிருந்து எம் வீட்டுக்குப் புகையிலை சுற்றி வந்த காகிதமொன்றின் உட்புறத்திலே, காம்புக் கறைக்கும் கிழிசலுக்கும் இடையில் பென்சிலால் எழுதப்பட்டுள்ளது. அதற்கடுத்த கிழமை வந்த காகிதத்திலே இன்னொரு பிரதி. முன்னதின் பாடம் "உறங்கினார்". பின்னதின் பாடம் "இறங்கினார்". பின்னதைக் கொண்டால் உத்தியோகத்தர் மறைந்து பிரயாணி வெளிப்படுவார், மதமே கவிழும். பழைய பாடமே சிறந்ததெனின், புகையிலையின் காரத்தைக் கொண்டு காகிதத்தின் வயதைத் துணிதல் வேண்டும். துணிந்தோம். மூன்று நாள் தும்மினோம். முடிவு இரண்டாம் பதிப்பில் வெளியாகும்; முதற் பதிப்பு விற்றுத் தீர்ந்தால்.

காகிதாதி அல்லாத பெரும்பொருள்களும் உள. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் அவ்வகையின. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 ஜூனில் போரினால் நின்றபின், அவை பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. இவற்றைச் சேகரித்தோர் எம்போன்ற பொழுதுபோக்காளர் அல்லர். ஒரு தரப்பினர் மாத்திரமும் அல்லர். அத்தனை பூரணமான சேகரிப்பு இலங்கையில் வேறு எத்துறையிலும் நடந்ததில்லை. வலிகாமம் வடக்கு மக்கள் ரங்குப்பெட்டியை விட்டு வெளியேறியபோது, பெட்டிக்குள் இருந்த தபாலட்டையும் ரிக்கற்றும் என்னவாயின என்பதற்கு அடிக்குறிப்பு எழுத எவரும் முன்வரவில்லை. பின்பு இந்தியக் கடனுதவியோடு இர்கோன் நிறுவனத்தார் புதுப் பாதை போட, 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறைக்கு மறுபடியும் கோச்சி வந்தது. புதுத் தண்டவாளத்துக்கு இன்னும் தொன்மை கூடவில்லை, சேகரிப்போர் பொறுத்திருக்க.

மேற்கூறிய மூன்று மதங்களுக்கும் அடங்காத சீட்டொன்று உண்டென்பதை ஈற்றில் ஒப்புக்கொள்ளல் முறையாகும். போகவும் வரவுமாகச் சேர்த்து எடுக்கும் சீட்டில், போகும் பாதியைக் கொடுத்துவிட்டு வரும் பாதியைப் பிரயாணி பத்திரமாக வைத்திருப்பார். 1990 ஜூனிலே தெல்லிப்பழையிலிருந்து ஒருவர் அவ்வாறு கொழும்புக்குப் போயிருப்பாராயின், அவர் வண்டியைத் தவறவிட்டவரும் அல்லர், வேலி பாய்ந்தவரும் அல்லர், எவரும் உறங்கவும் இல்லை. அந்தப் பாதிச் சீட்டுக்கு எம் சாஸ்திரத்திலே பிரிவு இல்லை.

ஆதலின் வாசகர்க்கு ஒரு விண்ணப்பம். அத்தகைய பாதிச் சீட்டு உங்கள் வீட்டிலோ, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உங்கள் உறவினர் வீட்டிலோ இருக்குமாயின், பசை பூசி அல்பத்தில் ஒட்டாதீர். பிளாஸ்ரிக் உறை போட்டு உருக்காதீர். யார் வாங்கியது, எந்த வீட்டுக்குத் திரும்புவதற்காக வாங்கியது என்பதைப் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக் காற்றோட்டமான பெட்டியில் வையுங்கள். எம்போன்ற ஆராய்ச்சியாளர் எவரேனும் வந்து இரவல் கேட்டால், வீட்டில் ஆளில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.