அப்புசாமியின் வயது: மீள்வாசிப்பு நோக்கில் ஒரு முன்னாய்வு

நெடுநாள் கழித்து ஒரு நகைச்சுவைத் தொடருக்குத் திரும்புதல் மூவகைப்படும்: காய்ச்சல் மீட்சி, பரண் மீட்சி, இரவல் மீட்சி என. காய்ச்சல் மீட்சியாவது, கனமான நூல் எதையும் கை தூக்க மறுக்கும்போது நிகழ்வது. பரண் மீட்சி போகிக்கு முதல் நாள் தொடங்கி, வீட்டார் திட்டுவதோடு முடியும். இவ்விரண்டிலும் ஆய்வுக்குரியது ஒன்றுமில்லை. எஞ்சிய இரவல் மீட்சியே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அஃதாவது, "நாலு நாளில் தந்துவிடுகிறேன்" என்று உறவினர் எடுத்துப்போன பைண்டு வால்யூம், அவர் தம் பேரன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வருகையில் தாம்பூலப் பையில் திரும்பி வருதல்.

சுவடி விவரம்: குமுதத்திலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த அப்புசாமி–சீதாப்பாட்டி தொடர். காலிகோ முதுகு. முதல் சில தாள்களைக் கரையான் கொண்டது. தாள்களின் மறுபக்கத்தில் வேறு தொடர்கதைகளின் பாதிகள் கிடக்கின்றன. ஒரு கதாநாயகி மாடிப்படியில் கால் வைக்கிறாள்; அடுத்த தாளில் மூலத்துக்கு மருந்து விளம்பரம். இவற்றை இடைச்செருகல் என்று தள்ளுவதா, கிளைக்கதை என்று கொள்வதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வேறுபடும் இருவரும் நானே.

இனி ஆசிரியர் சிக்கல். தலைப்பின் கீழே 'பாக்கியம் ராமசாமி' என்றிருக்கிறது. பாக்கியம் பெண்பாற் பெயர், ராமசாமி ஆண்பாற் பெயர். எனவே சீதாப்பாட்டி வரும் பகுதிகளைப் பாக்கியமும், அப்புசாமி வரும் பகுதிகளை ராமசாமியும் எழுதினர் என்று நிறுவ முந்நூறு பக்கம் போதும். எழுதியவர் ஜ.ரா. சுந்தரேசன் என்னும் ஒரே ஆள், 1932-இல் சேலம் பக்கத்து ஜலகண்டாபுரத்தில் பிறந்தவர், தாயின் பெயரையும் தந்தையின் பெயரையும் கோத்துப் புனைபெயராக்கிக் கொண்டவர் என்பது ஊரறிந்த செய்தி. ஊரறிந்த செய்தி ஆய்வில் சான்றாகாது. தவிரவும், எஸ்.ஏ.பி. ஆசிரியராக இருந்த குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன், புனிதன், ஜ.ரா.சு. ஆகிய மூவரும் புனைபெயர்களோடு உட்கார்ந்து எழுதியதால், அந்த அலுவலகத்தில் நாற்காலிகளைவிட எழுத்தாளர் பெயர்கள் மிகுதி. ஔவையார் ஒருவரைப் பலராகப் பகுத்துப் பட்டம் பெற்ற நாட்டில் இவரை ஒருவராகவே விட்டுவைப்பது புலமைக்கு இழுக்கு.

நிற்க. தலையாய சிக்கல் அப்புசாமியின் வயது.

அவர் குமுதத்தில் தோன்றியது 1963-இல். தோன்றும்போதே தாத்தா. குறைந்த அளவாக அறுபது என்று கொண்டால் பிறப்பு 1903. ஜ.ரா.சு. மறைந்த 2017-இல் அப்புசாமிக்கு நூற்றுப் பதினான்கு வயது ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அதே மூக்குப்பொடி, அதே துள்ளல், மனைவியிடம் அதே பயம். ஜெயராஜின் ஓவியத்தைச் சான்று காட்டலாமோ எனின், ஆகாது. அதிலும் அவர் என்றைக்கும் ஒரே கிழவர். ஓவியரும் உடந்தை. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. தொடங்கியபோது ஆசிரியருக்கு முப்பத்தொன்று. கிழவரின் வயதில் பாதி. முடிவில் எண்பத்தைந்து, கிழவருக்கே அண்ணன் முறை. படைத்தவர் இளையவராகப் புகுந்து மூத்தவராக வெளியேறிய இந்நிகழ்ச்சிக்குத் தொல்காப்பியத்தில் விதி தேடினேன். கிடைக்கவில்லை. ஆகவே அந்நூற்பா தொலைந்துபோயிற்று என்று கொள்க.

வயது ஏறாமைக்குக் காரணம் கூறுவோர் பலர். பொடியின் காரம் உடலைக் கெடாமல் காத்தது என்பார் ஒரு சாரார். முன்கதைச் சுருக்கமே காரணம் என்பார் மற்றொரு சாரார்: ஒவ்வொரு வாரமும் காலம் ஓர் எட்டு பின்னால் போய்விட்டு வருவதால், போன வயதும் வந்த வயதும் சரிக்குச் சரி. இது எனக்கு உடன்பாடு, என்னுடையதும்கூட.

நம் சுவடிக்கு உரைகள் உண்டு. இரவலில் இருந்த காலத்தில் அவ்வீட்டார் ஓரங்களில் எழுதிவைத்தவை. முதல் உரைகாரர் பென்சிலார். "அப்புசாமிக்கு 65" என்பது அவர் உரை. நீல மையார் அதை அடித்து, "தப்பு, 72, எங்க தாத்தா மாதிரி" என மறுக்கிறார். பென்சிலார் மீண்டும் வந்து, "உங்க தாத்தா இவ்வளவு நல்லவர் இல்லை" என்கிறார். இதன்மேல் நீல மையார் ஒரு தாளையே கிழித்திருக்கிறார். உரை மரபில் இத்துணை வலிய மறுப்பு அரிது. சிவப்பு மையார் வயதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எல்லாத் தாளிலும் சந்திப் பிழை மட்டும் திருத்தியிருக்கிறார். கதையில் எங்கும் சிரித்த தடயமில்லை. பல்கலைக்கழகத்தார் அவரையே தலைமை உரைகாரராக ஏற்பர் என்பதில் ஐயமில்லை.

நான்காமவர் பால்கணக்கார். ஏட்டின் கடைசியில் "அரை, அரை, வரல, ஒண்ணு, அரை" என்று நடந்து, கீழே கோடிட்டு "68" என்கிறார். இது பால் பாக்கி என்பர் பாமரர். அப்புசாமியின் வயது என்பேம் யாம். என்னை? பால் பாக்கியாயின் காலண்டரில் எழுதியிருப்பார். மேலும் அறுபத்தைந்துக்கும் எழுபத்திரண்டுக்கும் இடையே அறுபத்தெட்டு நிற்பது சமரச நோக்கம். "வரல" என்ற சொல் அவ்வாரம் தொடர் வராமையைச் சுட்டும். "ஒண்ணு" என்பது மறுநாள் விருந்தாளி வந்ததைக் குறிக்கும் என்று அவ்வீட்டு அம்மாள் நேரிலேயே சொன்னார். எழுதியவருக்குத் தம் எழுத்தின் பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஆய்வுலகில் இல்லையாதலால் அக்கூற்று விடப்பட்டது.

இடையே படிக்கவும் நேர்ந்தது. சிறு வயதில் நானும் அப்புசாமி கட்சி. சில்லறை முழுவதும் பாட்டியின் கைப்பையில். கிழவருக்குத் துணை ரசகுண்டுவும் பீமாராவும். எதிரே இங்கிலீஷ் பேசும் மனைவி, அதுவும் பாட்டிகள் முன்னேற்றக் கழகத் தலைவி. யாருக்குத்தான் இரக்கம் வராது? இப்போது கரண்ட் பில்லும் கடன் தவணையும் கட்டிவிட்டுப் படிக்கையில், சீதாப்பாட்டி சொல்வதில் ஒரு வார்த்தை தப்பில்லை என்று தோன்றுகிறது. பா.மு.க.வில் ஆண்களைச் சேர்ப்பார்களா என்று விசாரிக்கும் நிலை. ஆனால் கிழவர் அடுத்த திட்டத்தைத் தொடங்கியதும் மறுபடி கட்சி மாறிச் சிரித்துவிட்டேன். சிரிப்பு ஆய்வு நெறிக்குப் புறம்பானது. வாசகர் அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

வயது துலங்கக்கூடிய இடம் தொடரின் கடைசி வாரமாக இருக்கலாம். பைண்டு செய்தவர் பன்னிரண்டாம் வாரத்தைப் பதினான்காம் வாரத்துக்குப் பின்னால் தைத்ததோடு, அந்தக் கடைசி வாரத்தைத் தைக்கவே இல்லை. அப்புசாமி கதைகள் நூல்களாக வந்திருக்கின்றன. ஒன்றை வாங்கிப் புரட்டினால் ஐயம் ஒரு மாலைப்பொழுதில் தீரும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவருக்கு ஆய்வு முறை தெரியாது. ஐயம் தீர்ந்தால் அடுத்த கருத்தரங்குக்கு என்ன செய்வது? ரெக்ஸின் பை, பேனா, மதியச் சாப்பாட்டு டோக்கன் உட்பட எல்லாவற்றுக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது.