மூக்குக்கு அரசு வேலை

பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்குக்கு ஒரே கவலை: குடிமக்கள் காப்பி குடிக்கிறார்கள், காசு வெளிநாடு போகிறது. உள்ளூர் பீரே உத்தமம் என்று 1777இல் உபதேசித்தார். யார் கேட்டார்கள்? 1781இல் கொட்டை வறுக்கும் உரிமையை அரசே எடுத்துக்கொண்டது. பிரபுக்கள், பெரிய அதிகாரிகள் போன்றவர்களுக்கு மட்டும் விலக்கு. வாசனை அவர்கள் வீட்டிலிருந்து வந்தால் குற்றமில்லை. மற்றவர்கள் வீட்டு அடுப்பை மோப்பம் பிடிக்க, போரில் ஊனமுற்ற முன்னாள் சிப்பாய்களை நியமித்தார்கள். அந்த உத்தியோகத்துக்கு ஒரே தகுதி, ஜலதோஷம் பிடிக்காத மூக்கு. மன்னர் மட்டும் கடைசிவரை காப்பியை விடவில்லை. ஏழைகள் சிக்கரி வேரை வறுத்துச் சமாளித்தார்கள். நாமோ, எந்த மன்னரும் மிரட்டாமலே, பொடிக் கடையில் நின்று “கொஞ்சம் சிக்கரி போடுங்க” என்கிறோம்.