அமானுஷ்ய அத்தாச்சி

பாம்பு பெண்ணாக மாறுவதில் அத்தாச்சிக்கு ஆட்சேபம் எதுவும் கிடையாது. மாறிய கையோடு அவள் கட்டிக்கொண்டு நிற்கிற பட்டுப்புடவைக்குத் தோதாக ஜாக்கெட் தைத்துக் கொடுத்தது யார் என்பதுதான் அவருக்குப் பிடிபடாத சங்கதி. “அளவு ஜாக்கெட் குடுத்து, நாலு தடவ நடையா நடந்து, நமக்கே தீபாவளிக்கு மொத நாள் ராத்திரிதான் கைக்கு வருது. அதுலயும் கை பிடிக்குது. புத்துலேருந்து வந்தவளுக்கு மட்டும் கச்சிதமா அமைஞ்சிடுதா?” என்று கேட்டுவிட்டு, பக்கத்தின் மூலையை மடித்து வைத்துவிட்டு, இறால் உரிக்கப் போய்விடுவார்.

நாகப்பட்டினத்தில் தெருவுக்கு ஓர் அத்தாச்சி உண்டு. வயது நாற்பதுக்கு மேல் அறுபதுக்குள். முறை பார்த்தால் பாதிப் பேருக்குச் சித்தி, மீதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் தெருவுக்கே அத்தாச்சிதான். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் குடும்பஸ்திரி. விடியற்காலையில் வாசல் தெளிப்பார், வெள்ளிக்கிழமை மீன் வாங்க மாட்டார், கேஸ் மானியம் வந்துவிட்டதா என்று பாங்கில் போய்க் கேட்பார். இரவு பத்து மணிக்கு மேல் அவருடைய உலகமே வேறு. பேய் பங்களாவில் மணப்பெண் காத்திருப்பாள். ஏழு பிறவியாய்த் துரத்துகிற காதலன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். போன ஜென்மத்துக் கொலைகாரன் இந்த ஜென்மத்தில் முறைமாப்பிள்ளையாக வந்து சேருவான். குறட்டை விடுகிற வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டே இத்தனையையும் அத்தாச்சி நிர்வகிப்பார்.

அவருடைய நூலகம் அரிசி டின்னுக்கு மேலே இருக்கிறது. வாரப்பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணிய தொடர்கதைகள் ஒரு வரிசை. பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல்கள் இன்னொரு வரிசை. பைண்டுத் தொடர்களில் ஒரு வாரத்துத் தாள் எப்போதும் விடுபட்டிருக்கும். அந்த வாரம்தான் பேய் யாரென்று தெரிந்திருக்கும். அத்தாச்சி அதற்காகக் கலங்குவதில்லை. விட்ட இடத்தைத் தானே நிரப்பிக்கொள்வார். இப்போது மகன் வாங்கிக் கொடுத்த கைப்பேசியில் செயலி வழியாகவும் படிக்கிறார். முக்கியமான கட்டத்தில் கதையை நிறுத்தி, அடுத்த பாகத்துக்குக் காசு கேட்கிற செயலி அது. “கருப்பண்ணசாமி கோயில்லகூடத் துன்னூறு குடுத்துட்டுத்தான் தட்ட நீட்டுவாங்க” என்பது அதைப் பற்றி அவர் சொன்ன ஒரே விமர்சனம். நட்சத்திரம் போடுவதிலும் கறார். ஐந்து நட்சத்திரம் வாங்கிய எழுத்தாளர் யாரும் இதுவரை இல்லை.

பயம் இருக்காதா என்று கேட்கலாம். இந்த ஊரில் இருக்கிற காப்பு ஏற்பாடு வேறெந்த ஊருக்கும் இல்லை. தலைமாட்டில் நீலாயதாட்சி அம்மன் குங்குமம், கையில் நாகூர் தர்காவில் ஓதிக் கட்டிய கயிறு, அலமாரியில் வேளாங்கண்ணி எண்ணெய். மூன்றையும் தாண்டி உள்ளே வருகிற பேய்க்கு ஏதோ நியாயமான காரியம் இருக்கும், உட்காரச் சொல்லி விசாரிக்கலாம் என்பது அத்தாச்சியின் கணக்கு.

இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு நாவல் ஒன்றும் புதுசு இல்லை. பக்கத்து நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 1938லேயே ‘காதலா கடமையா’ என்று ஒரு நாவல் எழுதி, உ.வே.சா.விடம் பாராட்டும் வாங்கிவிட்டார். ஆதிசேஷன் வந்து பூசை பண்ணியதால்தான் ஊருக்கே நாகை என்று பேர் வந்ததாகக் காயாரோகணர் கோயில் தலபுராணம் சொல்கிறது. பாம்புக் கதை படிக்க இதைவிட உரிமை உள்ள ஊர் எது?

அமானுஷ்யக் கதை படிப்பவர்களை எதையும் நம்பும் அப்பாவிகள் என்று நினைக்கிறவர்கள் அத்தாச்சியோடு அரை மணி நேரம் பேசிப் பார்க்க வேண்டும். பேயிடம் அவர் லாஜிக் கேட்பதே இல்லை. மனிதர்களிடம்தான் கேட்பார். செத்தவள் திரும்பி வந்து மூன்று பேரைக் கழுத்தை நெரித்துக் கொன்றால் “அவளுக்கு என்னா வயித்தெரிச்சலோ” என்று தாண்டிவிடுவார். இருபத்தேழு வயதுக் கதாநாயகனுக்குப் பன்னிரண்டு கம்பெனி என்றால் புத்தகம் கீழே போகும். “எப்ப ஆரம்பிச்சான், எட்டாங்கிளாஸ்லயா?” கதாநாயகன் கதாநாயகியைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, ஐந்தாவது பாகத்தில் அது காதலால் வந்த கோபம் என்று விளக்கினால், அந்த எழுத்தாளருக்கு ஒற்றை நட்சத்திரம். காதலில் அறைகிறவன், கல்யாணத்துக்குப் பிறகு எதால் அறைவான் என்பது கேள்வி. மாமியார் பாத்திரம் இல்லாத குடும்பக் கதையை அவர் கதை என்றே ஒத்துக்கொள்வதில்லை.

வெளிநாட்டுச் சரக்கும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. எதிர்வீட்டுப் பெண் கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது, ஸ்டெஃபனி மேயர் 2005இல் எழுதிய ‘ட்வைலைட்’ கதையை முழுசாகச் சொன்னாள். 1918இல் காய்ச்சலில் சாகக் கிடந்த பையனை ரத்தக்காட்டேரியாக்கிப் பிழைக்க வைத்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் அவனுக்கு வயதே ஏறுவதில்லை. பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பெண்ணைக் காதலிக்கிறான்.

“நூறு வயசு ஆளு பள்ளிக்கூடத்துல என்னா பண்றான்? இன்னும் பாஸ் ஆவலையா?”

“இல்ல அத்தாச்சி, யாருக்கும் தெரியாம இருக்கணும்ல. ஆனா நல்லவன். மனுஷ ரத்தம் தொட மாட்டான். மான், சிங்கம்னு மிருக ரத்தம்தான். அவங்க வீட்டுல அத சைவம்னு சொல்லிக்குவாங்க.”

அத்தாச்சி கையிலிருந்த காலா மீனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப நானும் சைவம்தான். உங்கம்மாகிட்ட சொல்லிடு.”

வெயிலில் நின்றால் அவன் உடம்பு வைரமாய் மின்னும், அதனால் எப்போதும் மேகம் மூடியிருக்கிற ஊராகப் பார்த்துக் குடியிருக்கிறான் என்று கேட்டதும் அவருக்கு இரக்கமாகிவிட்டது. “இஞ்ச வந்தா பாவம், மார்கழிய விட்டா வருசம் பூரா மின்னிக்கிட்டே நிக்கணும். காட்டேரிக்கு நம்ம பக்கம் ஒரு படையல் போட்டா போயிடும். அவன் ஏன் பள்ளிக்கூடம் வரைக்கும் போறான்னுதான் தெரியல.”

ஓநாய் மனிதர்களைப் பற்றி அவருக்கு இந்த அளவு தாராளம் இல்லை. செயலியில் இப்போது அந்த ரகம்தான் மலிவு. நாயகன் காற்றில் மோப்பம் பிடிப்பான். எங்கோ தூரத்தில் நிற்கிற பெண் தனக்கென்று விதித்தவள் என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். “மோந்து பாத்துப் பொண்ணெடுக்குறதா? தரகரே ஜாதகத்த வாங்கிட்டுப் போயி, நாலு வீட்டுல காப்பி குடிச்சிட்டுத்தான் வாயத் தொறப்பாரு.” பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவன் மாறிவிடுவான் என்பதில் மட்டும் அவருக்கு அதிசயம் இல்லை. “எங்க வீட்டுல அது சம்பளத் தேதியில நடக்கும்” என்றார்.

1990களின் பிற்பாதியில் சன் டிவியில் ‘மர்மதேசம்’ ஓடிய இரவுகளைப் பற்றிப் பேசினால்தான் அத்தாச்சியின் குரல் மாறும். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். ‘விடாது கருப்பு’ போட்டுவிட்டால் தெருவில் நாய் மட்டும்தான் நடமாடும். கொலைக்கெல்லாம் காரணம் தெய்வமா மனிதரா என்று ஊரே இரண்டு கட்சியாய்ப் பிரிந்து கிடந்தது. அத்தாச்சி கருப்பு கட்சி. கடைசியில் மனித மனத்தின் கோளாறு என்று விளக்கம் வந்தபோது அவருக்கு வந்த வருத்தம் இன்னும் முழுசாய் ஆறவில்லை. ஆனாலும் 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் காலமான செய்தி வந்த அன்று, அரிசி டின் மேலிருந்த அவருடைய புத்தகங்களை எல்லாம் இறக்கித் துடைத்து அடுக்கினார். அன்றைக்கு யாரும் நாவலைக் கிண்டல் பண்ணவில்லை.

மற்ற நாட்களில் கிண்டல் பண்ணுவது தெருக்கோடித் தமிழய்யா. ஓய்வுபெற்றுப் பல வருஷமாகியும் தெருவையே பத்தாம் வகுப்பாகப் பாவிக்கிறவர். கூடத்தில் மறைமலையடிகள் படம் மாட்டியிருக்கும். அடிகள் 1876இல் இதே நாகப்பட்டினத்தை ஒட்டிய காடம்பாடியில் பிறந்தவர் என்பதில் தமிழய்யாவுக்குத் தனி மிதப்பு. பிரசாதம் கொடுக்கப் போன அத்தாச்சியிடம் ஒருநாள் கேட்டார்: “இந்த நாகக்கன்னிக் குப்பையை எல்லாம் எப்படியம்மா படிக்கிறீங்க?”

அத்தாச்சி பதில் சொல்லாமல் அவருடைய கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த ரெண்டாவது தட்டுல ‘நாகநாட்டரசி’ன்னு இருக்கே, அது யாரு எழுதுனதுங்க ஐயா?”

தமிழய்யாவுக்குத் தொண்டை கட்டியது. எழுதியவர் அடிகளேதான். ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’, 1911. இங்கிலாந்தில் மலிவுப் பதிப்புத் தொடர்கதைகளை எழுதிக் குவித்த ரெயினால்ட்சின் ஒரு நாவலைத் தழுவி எழுதியது. “அது வேற அம்மா” என்று மட்டும் சொன்னார். அதே ரெயினால்ட்சு 1840களில் ஓநாயாக மாறுகிற மனிதனைப் பற்றியும் ஒரு தொடர் எழுதியிருக்கிறார். அதை நான் தமிழய்யாவிடம் சொல்லவில்லை. அவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு.

விட்ட மானத்தை மீட்க அவர் மணிமேகலையைக் கையில் எடுத்தார். நல்ல இலக்கியம் என்றால் என்னவென்று காட்டுகிறேன், உட்காருங்கள் என்றார். அத்தாச்சி உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

சோழன் நெடுமுடிக்கிள்ளி புகார்க் கடற்கரைச் சோலையில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அவள் நாகநாட்டு இளவரசி பீலிவளை. ஒரு மாதம் அவனோடு இருக்கிறாள்; தான் யாரென்று மூச்சு விடவில்லை; ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகிறாள்.

“ஒரு மாசம் கூட இருந்துட்டு ஊரு பேரு சொல்லல, அந்த ஆளும் வற்புறுத்திக் கேக்கல” என்று அத்தாச்சி தெளிவுபடுத்திக்கொண்டார். “மேல சொல்லுங்க.”

மகன் பிறக்கிறான். மணிபல்லவத்தில் வந்து நின்ற கம்பளச்செட்டியின் கப்பலில் குழந்தையை ஏற்றி, சோழனிடம் சேர்க்கச் சொல்கிறாள்.

“பச்சப்புள்ளைய பார்சல்லயா?”

“மணிபல்லவம் யாழ்ப்பாணத்துப் பக்கம் நயினாதீவுதான்னு ஆராய்ச்சிக்காரங்க பலர் சொல்றாங்க” என்று நான் இடையில் புகுந்தேன். அத்தாச்சி நிமிர்ந்தார். 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்களே, அந்தப் பக்கமா? “அப்ப ஒரு பாஸ்போர்ட்டு எடுத்துட்டு அந்த ராஜாவே போயி அழைச்சிட்டு வந்திருக்கலாம்ல. புள்ளையப் பெத்தவளுக்கு அந்த மரியாதகூட இல்லையா?”

தமிழய்யா தொடர்ந்தார். அன்று இரவே கப்பல் கரைக்குப் பக்கத்தில் உடைந்தது. குழந்தையைக் காணவில்லை. மன்னன் மகனைத் தேடி அலைந்ததில் இந்திர விழாவை மறந்தான். தெய்வத்தின் சாபத்தால் கடல் பொங்கி, புகார் நகரத்தை…

“அது வேணாம்யா” என்றார் அத்தாச்சி.

தமிழய்யா புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தார். அவருக்கும் புரிந்தது. 2004 டிசம்பர் 26இல் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கும் மேல் போனார்கள். சுடுகாடு, பாழுங்கிணறு, பிணவறை, எல்லாக் கதையையும் நள்ளிரவில் தனியாகப் படிக்கிற அத்தாச்சி, கடல் ஊருக்குள் வருகிற பக்கம் வந்தால் மட்டும் படிக்காமல் நாலைந்து தாளைத் தள்ளிவிடுவார். எழுதியவர் யாராக இருந்தாலும் சரி.

தமிழய்யாவும் தள்ளினார். பெரும்பாணாற்றுப்படைக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரைக்கு வந்துவிட்டார். அதில் இதே கதை வேறு மாதிரி. சோழன் ஒரு பிலத்தின் வழியாக நாகலோகத்துக்கே போய் நாகக்கன்னியைக் கூடுகிறான். பிறந்த பிள்ளையைத் தொண்டைக்கொடி அடையாளம் கட்டிக் கடலில் விடுகிறார்கள். அலை அவனைக் கரை சேர்க்கிறது. அவன்தான் தொண்டைமான் இளந்திரையன். அந்தச் சோழனை நாகப்பட்டினத்துச் சோழன் என்றே உரையாசிரியர் சொல்கிறார்.

“நம்ம ஊரு ஆளா!” அத்தாச்சிக்கு முகமெல்லாம் பல். பிள்ளை பிழைத்ததில் பாதி சந்தோஷம், ஊர் பேர் வந்ததில் பாதி. ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. “சரி, அந்த மணிமேகலை ராஜாவுக்கு வீட்டுல ஏற்கெனவே பொண்டாட்டி உண்டுங்களா, இல்லையா?”

“உண்டு. சீர்த்தின்னு பட்டத்து அரசி. உதயகுமாரன்னு வளர்ந்த பையனே இருந்தான்.”

“சோலையில ஒரு மாசம் இருந்துட்டு வந்தவன அவ ஒண்ணும் கேக்கலையா?”

தமிழய்யா காதையைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் புரட்டினார். “அதுக்குப் பாட்டு இல்லையம்மா.”

அத்தாச்சி எழுந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டார். “எழுத்து நல்லாத்தான் இருக்கு, யாருங்கய்யா அவரு, சாத்தனாரு. மூணு நட்சத்திரம் போடலாம். சீர்த்திக்குன்னு ஒரு பாகம் சேத்திருந்தா நாலு.”