காக்காவுக்குச் சோறு வைத்தால் அபராதம்!

பீஷான், சிங்கப்பூர்

அன்புள்ள மாப்ளைக்கு,

மாமா எழுதுவது.  

மதுரை காளவாசல் சிக்னலில் பஸ் நின்றால்கூட, கரண்டு கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானைப் பார்த்து நோட்டில் குறிக்கிறாயாமே! படிப்பு கெடுகிறது, நீயாவது கண்டித்து எழுது என்று அக்கா புலம்பினாள். கண்டித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருவோம்.

சிங்கப்பூரில் கண்ணாடிக் கட்டடம் தவிர என்ன இருக்கும் என்று கேட்டிருந்தாய். நான் குடியிருக்கும் பீஷானில் பூங்காவுக்கு நடுவே காலாங் ஆறு ஓடுகிறது. அதில் நீர்நாய்கள் வரும். நம் காவிரியில் இருக்கும் அதே இனம்தான். 1970களில் ஆறெல்லாம் சாக்கடையாகி, நீர்நாய் இந்தத் தீவை விட்டே போய்விட்டது. 1977இல் தொடங்கிப் பத்து வருஷம் ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். 1990களின் கடைசியில் அதுகளாகவே திரும்பி வந்தன. பாஸ்போர்ட் கிடையாது, வொர்க் பர்மிட் கிடையாது! காலையில் குடும்பத்தோடு கரையேறி, மணலில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொண்டு, முன்னங்கால் இரண்டிலும் மீனைப் பிடித்துத் தலையிலிருந்து கறுக் கறுக்கென்று கடிக்கும். ஆற்று மீன் அலுத்துவிட்டால் பணக்காரர் வீட்டுக் குளத்தில் புகுந்துவிடும். விடிந்து பார்த்தால் கொட்டிக்கொடுத்து வாங்கிய கோய் மீன் ஒன்றுகூட மிஞ்சாது. வீட்டுக்காரர் தலையில் துண்டுதான்.

கால்வாய்க் கரையில் உடும்பு படுத்திருக்கும். ஆள் நீளத்தையும் தாண்டி வளரும் நீர் உடும்பு. நாகமலைப் பக்கம் உடும்பு நம்மைக் கண்டால் ஓடும். இங்கே ஓட்டப் பயிற்சிக்கு வந்தவன்தான் ஒதுங்கிப் போகிறான். நம்மூர்க் குயிலும் இங்கே உண்டு. கவிஞர்களுக்குச் சோறு போட்ட அந்தக் குரலைக் கேட்டு, விடியுமுன்னே தூக்கம் கெடுகிறது என்று புகார் கொடுக்கிறார்கள்.

அமாவாசை தவறாமல் அம்மாச்சி போன் போட்டு, "காக்காவுக்குச் சோறு வச்சியாடா?" என்கிறாள். எங்கே வைப்பது? 2020இல் வந்த வனவிலங்குச் சட்டப்படி, இங்கே அனுமதியில்லாமல் தீனி போட்டால் முதல் தடவைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். நம்ம பணத்தில் மூணு லட்சத்துக்கு மேல்! இத்தனைக்கும் காக்கா நம்ம பக்கத்து ஆள். மலேயாக் காப்பித் தோட்டத்தில் புழு தின்பதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த வம்சம் என்பதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம்தான். ஆனாலும் தாத்தாவுக்கு மனசுக்குள்ளேதான் படையல் என்று அம்மாச்சியிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

சட்டத்தில் நியாயம் இருக்கிறது மாப்ளே. கையில் வாங்கித் தின்று பழகிய குரங்கு, அடுத்து பையைப் பிடுங்கும். அழகர்கோயில் மலையில் தேங்காய்ப் பழத்தட்டோடு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீர்நாயைப் போலவே இருவாச்சிப் பறவையும் இங்கே நூறு வருஷத்துக்கு மேல் இல்லாமல் இருந்து, 1994இல் உபின் தீவில் மறுபடி தென்பட்டது. பொந்துள்ள பெரிய மரம் போதாது என்று, அது கூடு வைக்கப் பெட்டி செய்து மரத்தில் கட்டினார்கள். போனதைத் திரும்ப வரவழைக்க இத்தனை பாடு! உனக்கு மாடக்குளம் கண்மாய் சைக்கிள் மிதிக்கிற தூரம். லகர் வல்லூறு வட்டமிடும் அரிட்டாபட்டி பஸ் ஏறிப் போகிற தூரம். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது அந்த ஊரைத்தான். எல்லாம் இன்னும் நம் கையில் இருக்கிறது. என்ன இருக்கிறது என்று கணக்கு வைக்கத்தான் ஆள் குறைவு.

வருஷா வருஷம் பொங்கலுக்குத் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இந்தப் பொங்கலுக்கு மாடக்குளம் உன் பொறுப்பு. பள்ளிக்கூட நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போ. இடம், தேதி, நேரம் போட்டு எழுது. 'நிறையக் கொக்கு' என்று எழுதாதே, எண்ணி எழுது.

இப்படிக்கு,
அன்பு மாமா